அஸீஸாவோடு கூட வந்த வாடை

மருதமுனையில் ஒரு பெண் மவுத்தானால், உடம்பைப் போர்த்தும் கபன் துணி வாங்கக் கடைக்கு ஆள் போவதற்கு முன்பே அஸீஸாவின் வீட்டுக்கு ஆள் போய்விடும். இறந்த உடம்பை, மையித்தை, குளிப்பாட்ட அவளைப்போல ஒருவர் அந்தப் பக்கத்தில் இல்லை என்று பெயர். வயது ஐம்பத்தெட்டு. மெலிந்த உடம்பு, பெரிய கைகள், குறைந்த பேச்சு. கடல் ஊருக்குள் வந்த வருஷம் அவளுடைய தங்கையைக் குளிப்பாட்ட நேரமில்லாமல், யார் எவரென்று பார்க்கவும் முடியாமல், கிடைத்தவர்களோடு சேர்த்து அடக்கினார்கள். அந்த வருஷமே அஸீஸா இந்த வேலையைப் பழகிக்கொண்டாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் காரணம் சொல்லவில்லை.

இருபது வருஷத்துக்கு மேல் அவள் பயந்தது கிடையாது. மவுத்தானவர் திரும்பி வருவதில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஒன்றில் மட்டும் மிகக் கறாராக இருந்தாள். குளிப்பாட்டும் மறைப்புக்குள் கண்டது நம்பி ஒப்படைத்த அமானிதம். உடம்பில் பார்த்த காயம், குறை, வாடை எதையும் வெளியில் பேசக்கூடாது. அவளுடைய புருஷன் கலந்தர் ஒலுவில் துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் அடிக்கிறவர். விடிய பஸ் ஏறினால் பின்னேரம் அஸர் தொழுகையோடுதான் திரும்புவார். பிள்ளைகள் இல்லாத வீடு. இத்தனை வருஷத்தில் அவரிடம்கூட அவள் ஒரு மையித்தைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

வறண்ட கச்சான் காற்று தொடங்கிய மாதம், அவளுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்தது. கன்னம் வீங்கிக் கண் சுருங்கிவிட்டது. பல் டொக்டர் பல்லைப் பிடுங்கி, நாளுக்கு நாலு வேளை ஒரு கிழமையின் ஏழு நாளுக்கும் குளிசை எழுதிக் கொடுத்தார். அதில் ஐந்தாம் நாள்தான் சித்தி லைலா என்று பெயருள்ள ஒரு மூதாட்டி மவுத்தான செய்தி வந்தது.

சித்தி லைலாவுக்கு எழுபத்துநாலு வயது. நெஞ்சுச் சளி பிடித்து முப்பத்தைந்து நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துதான் போய்ச் சேர்ந்தார். அவருடைய மகன் நஸீரின் வீட்டுப் பின்வளவில் தகரத்தையும் சேலையையும் கட்டி மறைப்புச் செய்திருந்தார்கள். தண்ணீர் ஊற்ற வழக்கம்போல அஸீஸாவின் பக்கத்து வீட்டு ஜுனைதா வந்திருந்தாள். மகள் மர்ஷூதா உம்மாவின் தலைமாட்டில் நின்றாள். கடைசி மாதம் முழுவதும் ஆஸ்பத்திரியில் உம்மாவைக் கழுவித் துடைத்துப் பார்த்தது அவள்தான். தூக்கமில்லாமல் அவளுடைய கண் இரண்டும் உள்ளே போயிருந்தன.

வயிறு காற்றடைத்த பந்துபோல இருந்தது. அஸீஸா தோளைச் சற்று உயர்த்தி, முறைப்படி வயிற்றை மெதுவாக அழுத்தினாள். அப்போது எழும்பிய வாடையை அவள் இருபது வருஷத்தில் அறிந்ததில்லை. பிண வாடை அவளுக்குத் தெரியும். இது அதில்லை. அழுகலோடு ஒரு இனிப்பு சேர்ந்து தொண்டையில் வந்து உட்கார்ந்தது. ஜுனைதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாம்பிராணி போட்டார்கள், கற்பூரம் கரைத்த தண்ணீர் ஊற்றினார்கள். வாடை அடியில் கிடந்தது.

வழக்கமான மூன்று தரம் போதாது, ஏழு தரம் ஊற்றுவோம் என்று அஸீஸா முடிவு செய்தாள். இடையில் பல் எடுத்த இடம் சுள்ளென்று தெறித்தது. ஆறு ஊற்றினோமா ஏழு ஊற்றினோமா என்று கணக்குத் தப்பிப்போனது. தண்ணீர்த் தாங்கியும் அடித்தட்டுக்கு வந்துவிட்டது. அவள் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் உடம்பைத் துவட்டி, முடியை மூன்று பின்னலாகப் பின்னிப் பின்பக்கம் விட்டாள். கையுறையைக் கழற்றியபோது பெருவிரல் பக்கம் கிழிந்திருந்தது. கொரோனாக் காலத்தில் வாங்கி வைத்த கை துடைக்கும் ஜெல் போத்தல் சுவரோரம் இருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டு புறப்பட்டாள். வழியில் வலி பொறுக்காமல், முந்தானையில் முடிந்திருந்த கராம்பை எடுத்துப் பல் இருந்த குழியில் அதே பெருவிரலால் அழுத்தினாள்.

அடுத்த கிழமை கன்னம் மறுபடி கனத்தது. பழைய குளிசை மட்டையைக் கலந்தரிடம் கொடுத்து, பாமசியில் அதே குளிசையை இன்னொரு கிழமைக்கு எடுப்பித்துக் குடித்தாள். வீக்கம் வற்றிவிட்டது.

அது முடிந்து மூன்றாம் நாள், நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டுக் குசினியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கச்சான் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. தெருவில் ஆள் இல்லை. அந்த நேரம் வாடை வந்தது.

அவள் விளக்குமாறோடு அப்படியே நின்றாள். எலி செத்திருக்கும் என்று அரிசி வாளியை நகர்த்திப் பார்த்தாள். தண்ணீர் போகும் வாய்க்காலைக் குனிந்து பார்த்தாள். மீன் கழுவிய சட்டியை முகர்ந்தாள். ஒன்றிலும் இல்லை. அடுப்படியில் எப்போதும் சுருண்டு கிடக்கும் பூனை எழும்பி வெளியே போய், மதிலில் ஏறி இருந்துகொண்டு அவளையே பார்த்தது. "போ" என்றாள். அது அசையவில்லை.

கொஞ்ச நேரத்தில் அடிவயிறு முறுக்கியது. கக்கூசுக்குப் போய் உட்கார்ந்தபோதுதான், வாடை எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அது அவளுடைய உடம்பிலிருந்து வந்தது. ஒரு பிசகும் இல்லாமல் அதே வாடை. நஸீரின் பின்வளவில் மறைப்புக்குள் எழும்பியது இப்போது அவளுக்குள்ளிருந்து எழும்பியது.

அன்றைக்கு நாலு தரம் போனது. மறுநாள் பத்து. அதற்கடுத்த நாள் எண்ணுவதை விட்டுவிட்டாள். வெறும் தண்ணீராக, பச்சை கலந்து, சீதத்தோடு போனது. ஒருதரம் இரத்தத்தின் இழையும் கண்டாள். ஒவ்வொரு முறையும் கீழ்வயிற்றைத் துணி பிழிவதுபோலப் பிழிந்து எடுத்தது. காய்ச்சல் ஏறியது. சோற்றைக் கண்டாலே குமட்டியது. விரல் நுனிகள் நெடுநேரம் தண்ணீரில் கிடந்தவைபோலச் சுருங்கின. அந்த விரல்களை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடலில் போனவர்களின் விரல்கள் அப்படித்தான் இருந்தன.

"பழுதான மீன் ஏதும் திண்டயாகா?" என்று கலந்தர் கேட்டார்.

"இல்ல. அது தன்னால நிக்கும்."

"மூணு நாளா நிக்கல்ல. ஆஸ்பத்திரிக்குப் போவம், வா."

"நீங்க வேலைக்குப் போங்க. பின்னேரம் பாப்பம்."

அவர் போன பிறகு, பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பாயில் கிடந்தாள். அங்கிருந்து பார்த்தால் கிணற்றுக் கட்டு தெரியும். வெயில் வெள்ளையாக எரிந்தது. கிணற்றடியில் யாரோ தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. ஜுனைதாவாக இருக்கும் என்று நினைத்தாள். வாளி தட்டுப்படுகிற ஓசை இல்லை, கயிறு உரசுகிற ஓசை இல்லை, தண்ணீர் விழுகிற ஓசை மட்டும். அவளை அறியாமலே எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு வரை வந்து நின்றது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. மறுபடி ஆறோடு நின்றது.

அவள் தலையைத் தூக்கினாள். கிணற்றுக் கட்டில் ஒரு பெண் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஈரமான நரைமுடி, மூன்று பின்னல். அடியில் முடிச்சுப் போடாமல் உள்ளே சொருகிவிட்ட பின்னல். ஊரில் அப்படிப் பின்னுகிற கை ஒன்றுதான் உண்டு. அந்தக் கை இப்போது பாயின் விளிம்பைப் பற்றிக்கொண்டிருந்தது.

மவுத்தானவர் வருவதில்லை என்று அஸீஸா வாய்விட்டுச் சொன்னாள். ஓதத் தொடங்கினாள். நாக்கு மேல்வாயில் ஒட்டியது. கண்ணை மூடித் திறந்தபோது கிணற்றுக் கட்டில் யாரும் இல்லை. சிமெந்து காய்ந்து கிடந்தது. வாடை மட்டும் அறை முழுக்க நின்றது. அப்போதுதான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. நான்தான் ஏற்கனவே மவுத்தாகிவிட்டேனோ? யாரும் இன்னும் வந்து குளிப்பாட்டாமல் கிடக்கிறேனோ?

பின்னேரம் கலந்தர் பாமசியில் சொல்லி, போவதை நிறுத்துகிற குளிசை வாங்கி வந்தார். அதைக் குடித்ததும் போவது நின்றது. இருவரும் நிம்மதியானார்கள். ஆனால் விடிந்தபோது அஸீஸாவின் வயிறு வீங்கித் தோல் மினுங்கியது. விரல் பட்டாலே உயிர் போனது. உடம்பு கொதித்தது. தன் வயிற்றைக் குனிந்து பார்த்தவள், காற்றடைத்த அந்தப் பந்தைத் தானே முன்பொருநாள் அழுத்தியதை எண்ணிக்கொண்டாள். கலந்தர் தண்ணீர் சுடவைத்து, அவளைக் கழுவி, உடுப்பு மாற்றி, ஓட்டோ பிடித்தார். தன்னை இன்னொருவர் கழுவுவது அவளுக்கு அதுவே முதல்தரம்.

ஆஸ்பத்திரியில் றிபாஸ் டொக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, சேலைன் ஏற்றச் சொல்லிவிட்டு, பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உம்மா, ரெண்டு மூணு மாசத்துக்குள்ள வேற வருத்தத்துக்கு மருந்து குடிச்சயளா?"

"பல்லுக்குக் குடிச்சன். அதுக்கும் வயித்துக்கும் என்ன டொக்டர்?"

"எத்தின நாள் குடிச்சயள்?"

"ஒரு கிழமை. பிறகு நாங்களே வாங்கி இன்னொரு கிழமை."

டொக்டர் தலையை ஆட்டினார். "அது கிருமியக் கொல்ற மருந்து. பல்லுல இரிக்கிற கெட்ட கிருமியக் கொல்லப் போய், குடல்ல இரிக்கிற நல்ல கிருமியையும் கொண்டு போட்டுரும். காவல் இல்லாத வளவு மாதிரி ஆகிரும் குடல். அந்த நேரம் பாத்து ஒரு பொல்லாத கிருமி உள்ள வந்தா, அது பெருகி நஞ்சு கக்கும். குடல் உள்ளுக்க புண்ணாகி வீங்கும். இதுக்கு நிப்பாட்டுற குளிசை குடிக்கவே கூடாது. நஞ்சு வெளிய போகாம உள்ளுக்கயே நிண்டுரும்."

"அந்தக் கிருமி எங்கயிருந்து வரும்?"

"அதத்தான் நானும் கேக்கப் போறன். வயித்தால போன நோயாளி ஆரையும் பாத்தயளா? ஆஸ்பத்திரியில ஆருக்கும் துணைக்கு நிண்டயளா?"

அஸீஸா கூரையைப் பார்த்தாள். அவள் பார்த்தது நோயாளியை அல்ல. "இல்ல டொக்டர்" என்றாள். அது பொய்யில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அவளைத் தனி அறையில் போட்டார்கள். சிவக்கொழுந்து மிஸ்ஸி வந்து வாயால் குடிக்கிற மருந்தைக் கொடுத்தார். ஓய்வுக்கு இன்னும் ஒரு வருஷமே இருந்த மூத்த தாதி அவர். அறைக்குள் கால் வைத்ததுமே ஒரு கணம் நின்று, மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார்.

"இந்த வருத்தத்த எங்களுக்கு லேப்பில இருந்து துண்டு வரமுந்தியே தெரியும், அக்கா. ஒருக்கா மூக்கில பட்டா மறக்காது."

அஸீஸா அவரையே பார்த்தாள். அந்த வாடையை அறிந்த இன்னொருத்தி உலகத்தில் இருக்கிறாள் என்பது அவளை என்னவோ செய்தது. மிஸ்ஸி வெளியே போகும்போது குழாயைத் திறந்து, சவர்க்காரம் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து நெடுநேரம் கை கழுவினார்.

"அந்த ஜெல் போத்தல் பக்கத்திலதானே இரிக்கி மிஸ்ஸி" என்றாள் அஸீஸா.

"இதுக்கு ஜெல் சரிவராது. இந்தக் கிருமி விதை மாதிரிக் காஞ்சு கிடக்கும், ஸ்பிரிட்டுக்குச் சாகாது. சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில தேய்ச்சுக் கழுவித்தான் போக்கோணும். சீலையில, கட்டிலில, நிலத்தில எல்லாம் மாதக்கணக்கில இருக்கும்."

அஸீஸா சேலைன் ஏறாத கையைத் தூக்கிப் பெருவிரலைப் பார்த்தாள். கராம்பின் காரம் இன்னும் நாக்கில் இருப்பதுபோல இருந்தது.

மறுநாள் பகல், நோயாளிகளைப் பார்க்க ஆட்களை விடுகிற நேரம், ஜுனைதா வந்தாள். கதவடியிலேயே நின்று கதைத்தாள்.

"ஒனக்குத் தெரியுமா, மர்ஷூதாவும் படுத்த படுக்கை. நாலு நாளாம். ஒனக்குள்ள மாதிரியேதான். வயிறு வீங்கிக் கிடக்காம்."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல்லயா?"

"இல்லகா. ஓதித் தண்ணி குடுக்காங்க. மவுத்தான உம்மா கூப்பிடுறாவாம், மகள விட்டுட்டு இரிக்க ஏலாதாம். அவ கிணத்தடியப் பாத்துப் பாத்து அழுறாளாம். பாக்க எனக்கே பயமா இரிந்திச்சி."

"அவள் குளிசை ஏதும் குடிச்சவளா, மையித்துக்குப் பிறகு?"

"இருமலுக்குப் பாமசியில வாங்கிக் குடிச்சாளாம். ஏன்?"

ஜுனைதா போன பிறகு அஸீஸா சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள். சொன்னால் அமானிதம் முறிகிறது. மையித்தின் குறையை மறைத்தவருக்கு என்ன கூலி என்று அவள் எத்தனையோ பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள். சொல்லாவிட்டால் மர்ஷூதாவையும் அவள்தான் குளிப்பாட்ட வேண்டி வரும். அந்த வயிற்றையும் அழுத்த வேண்டும். அதற்குமேல் அவளால் நினைக்க முடியவில்லை. கலந்தரிடம் போனை வாங்கினாள்.

"நஸீர் தம்பி, நான் அஸீஸா ராத்தா. ஆஸ்பத்திரியில இரிந்து கதைக்கிறன். மர்ஷூதாவ இப்பவே இஞ்ச கொண்டு வாங்க."

"அவளுக்கு ஓதுறாங்க ராத்தா. நாளைக்குப் பாப்பம்."

"நாளைக்கு வேணாம். எனக்கு வந்த வருத்தம்தான் அவளுக்கும். ஒங்கட உம்மாக்கும் அதுதான் இரிந்த. குளிப்பாட்டேக்க நான் கண்டன்."

நஸீர் மெதுவாகக் கேட்டார். "எங்கட உம்மாட மையித்தப் பத்தியா ராத்தா கதைக்கிறீங்க? நீங்களா?"

"ஓம் தம்பி. அல்லாஹ் என்னக் கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறன். நீங்க புள்ளயக் கொண்டு வாங்க."

போன் துண்டிக்கப்பட்டது. அஸருக்குப் பிறகு மர்ஷூதாவைத் தள்ளுகட்டிலில் கொண்டுவந்து, ஒரே வருத்தம் என்பதால் அதே அறையில் மற்றக் கட்டிலில் போட்டார்கள். நஸீர் அஸீஸாவின் பக்கம் திரும்பவே இல்லை. றிபாஸ் டொக்டர் இரண்டு வயிறுகளையும் மாறி மாறிப் பார்த்தார். அஸீஸா அவரிடமும் மையித்தில் கண்டதைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. "இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தா குடல் வெடிச்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் அஸீஸாவுக்குக் காய்ச்சல் விட்டது. ஜன்னல் வழியே வெயில் நிலத்தில் சதுரமாக விழுந்து கிடந்தது. மர்ஷூதா கண் திறந்து, மிகவும் அடங்கிய குரலில் பேசினாள்.

"ராத்தா, உம்மா கிணத்தடியில குந்திட்டு இரிக்காங்க. முகத்தக் காட்டுறாங்க இல்ல."

"காய்ச்சல் புள்ள. கண்ண மூடிப் படு."

"தண்ணி ஊத்துறாங்க ராத்தா. ஆறு தரம் ஊத்துறாங்க. பிறகு நிப்பாட்டிட்டு, திரும்பி முதல்ல இரிந்து ஊத்துறாங்க. ஏன் ராத்தா ஆறு?"

கணக்குத் தப்பியதை அஸீஸா ஒருவரிடமும் சொல்லவில்லை. மர்ஷூதா தலைமாட்டில் நின்றவள்தான், அவளும் எண்ணியிருக்கலாம். பின்னலையும் பார்த்திருக்கலாம். உடம்பில் உப்பும் நீரும் வற்றினால் இல்லாததெல்லாம் தெரியும், கேட்கும் என்று மிஸ்ஸியும் சொல்லியிருந்தார். அஸீஸா இதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். பிறகு சேலைன் குழாயை ஒதுக்கிக்கொண்டு எழும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்துக் குழாயடிக்குப் போனாள். இரண்டு கையிலும் தண்ணீரை ஏந்தி, சித்தி லைலாவின் பெயரை மனதில் சொல்லி, ஒருதரம் கீழே விட்டாள். அப்படிச் செய்வது சரியா என்று அவளுக்குத் தெரியாது. மார்க்கத்தில் அதற்கு இடமில்லை என்றும் நினைத்தாள். அன்றைக்கு மர்ஷூதா அஸர் வரை அசையாமல் தூங்கினாள்.

அதோடு முடிந்துவிடவில்லை. மர்ஷூதாவின் குடல் தாங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, பெருங்குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். இரண்டரை மாதம் கழித்து, பாதி உடம்பாகி, உயிரோடு வீடு வந்தாள். அஸீஸா பத்து நாளில் வீடு திரும்பினாள். மூன்றாம் கிழமை குசினியில் நின்றபோது வாடை மறுபடி வந்தது. இந்தமுறை அவள் எலியையும் தேடவில்லை, கிணற்றையும் பார்க்கவில்லை. கலந்தர் வரும்வரை காத்திராமல் தானே ஓட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தாள். இந்த வருத்தம் சிலருக்குத் திரும்பி வரும் என்று சொல்லி, டொக்டர் மருந்தை இன்னும் நீட்டிக் கொடுத்தார். அதோடு விட்டது.

ஊர் அவ்வளவு லேசில் விடவில்லை. அஸீஸா மையித்தின் வாடையைப் போனில் சொன்னவள் என்ற கதை பரவியது. நஸீர் தெருவில் கண்டால் மறுபக்கம் போனார். தங்கச்சியின் உயிர் எப்படி மீண்டதென்று அவருக்குத் தெரியும், ஆனாலும் போனார். நாலு மாதம் அவளை ஒரு மையித்துக்கும் கூப்பிடவில்லை. நற்பிட்டிமுனையிலிருந்து வேறொரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். அஸீஸா அதற்காக யாரிடமும் போய் நிற்கவில்லை. சொன்னது சரியா என்று ஜுனைதா ஒருநாள் கேட்டதற்கு, "சரியெண்டு சொல்ல மாட்டன். திரும்பி இப்பிடி ஒண்டு வந்தாலும் சொல்லுவன்" என்றாள்.

ஐந்தாம் மாதம் மாரி மழை தொடங்கியது. காலையில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. கடலோரத்து வீடொன்றில் எண்பது வயது மூதாட்டி ஆஸ்பத்திரியிலிருந்து மையித்தாக வந்திருந்தார். மற்றப் பெண்ணுக்குச் சுகமில்லையாம். அஸீஸா புது கையுறைகள் இரண்டு சோடி, சவர்க்காரக் கட்டி ஒன்று, குளோரின் போத்தல் ஒன்று எடுத்துக்கொண்டு ஏறினாள். அந்த வீட்டில் தாங்கி நிறையத் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பார்த்தாள். பிறகு மகளைத் தனியே அழைத்து, மெல்லிய குரலில் கேட்டாள்.

"கோவிக்க வேணாம் புள்ள. உம்மாக்குக் கடைசியில என்ன குளிசை குடுத்தயள்? வயித்தால போச்சா?"

அழுதுகொண்டிருந்த பெண் நிமிர்ந்து அவளை முறைத்துப் பார்த்தாள். அஸீஸாவும் பார்வையை எடுக்கவில்லை. அந்தப் பெண் உள்ளே போய், ஒரு சிலிசிலிப் பொலித்தீன் பை நிறைய மருந்து மட்டைகளை எடுத்துவந்து அவளிடம் நீட்டினாள்.